வேலூர் வெயிலுக்கும் மழைக்கும் ஏற்ற சிறிய டியர்டிராப் கேம்பர்: வடிவமைத்துக் கட்டுவதற்கு ஒரு வழிகாட்டி

காருக்குப் பின்னால் இணைத்து இழுத்துச் செல்லக்கூடிய, உள்ளே இருவர் படுக்க மெத்தையும் பின்பக்க மூடியைத் தூக்கினால் ஒரு சிறு சமையல் மேடையும் கொண்ட, பக்கவாட்டில் நீர்த்துளி வடிவில் அமைந்த டிரெய்லரைத்தான் டியர்டிராப் கேம்பர் என்கிறார்கள். 1930களில் அமெரிக்காவில் தோன்றிய இது, இரண்டாம் உலகப் போருக்குப் பின் வீட்டுக் கொட்டகையிலேயே கட்டிக்கொள்ளக்கூடிய வண்டியாகப் பரவியது. எட்டடிக்கு நாலடி பிளைவுட் பலகையை வீணாக்காமல் வெட்டினால் என்ன கிடைக்குமோ, அதுவே பெரும்பாலும் இதன் அளவாக இன்றும் இருக்கிறது. அதே அளவுப் பலகை வேலூரிலும் ஆற்காட்டிலும் ஆம்பூரிலும் எந்தப் பிளைவுட் கடையிலும் கிடைக்கிறது என்பதால், இதை இங்கே கட்டுவதற்குப் பொருள் அளவில் தடை எதுவும் இல்லை.

தடை வேறிடத்தில் இருக்கிறது. இணையத்தில் கிடைக்கும் வரைபடங்களில் பெரும்பாலானவை குளிர் இரவுகளையும், சாலையின் வலப்பக்கம் ஓடும் போக்குவரத்தையும் மனத்தில் வைத்து வரையப்பட்டவை. மே மாதத்தில் 40 பாகை செல்சியஸைத் தாண்டுவது செய்தியாகவே கருதப்படாத ஊரில், அந்த வரைபடத்தை அப்படியே வெட்டி ஒட்டினால் கிடைப்பது படுக்கை அறையாக இருக்காது. அவியல் பெட்டியாகத்தான் இருக்கும். ஆகவே இங்குள்ள வெயில், ஐப்பசி கார்த்திகை மழை, மலைச்சாலை ஆகியவற்றுக்கு ஏற்ப எதை மாற்ற வேண்டும் என்பதைக் கட்டும் வரிசையிலேயே சொல்லிச் செல்கிறேன். வாசகருக்கு டிரில்லும் ரம்பமும் பிடிக்கத் தெரியும், வெல்டிங் தெரியாது என்று வைத்துக்கொள்கிறேன்.

முதல் படி: ஆர்.டி.ஓ. அலுவலகமும் காரின் கையேடும்

மோட்டார் வாகனச் சட்டம், 1988இன் 2(28) பிரிவு, டிரெய்லரையும் மோட்டார் வாகனம் என்றே வரையறுக்கிறது. 39ஆம் பிரிவின்படி பதிவு செய்யாத வாகனத்தைப் பொதுச் சாலையில் ஓட்ட முடியாது. எனவே தெரிந்த பட்டறையில் நாலு ஸ்கொயர் பைப்பை ஒட்டி, பழைய கார் அச்சு ஒன்றை மாட்டி, பின்னால் பதிவு பார்த்துக்கொள்ளலாம் என்று தொடங்குவது பணத்தையும் உழைப்பையும் ஒருசேரப் பணயம் வைப்பதாகும்.

புதியவருக்கு நான் பரிந்துரைப்பது, உரிய சான்றுகளுடன் டிரெய்லர் தயாரித்து விற்கும் ஒருவரிடமிருந்து சேஸிஸை, அதாவது சக்கரம் பூட்டிய அடிச்சட்டத்தை மட்டும் வாங்கி, அதன் மேல் உடற்கூட்டைத் தாமே கட்டிக்கொள்வதுதான். அப்போது பதிவு விண்ணப்பமான படிவம் 20உடன், விற்பனையாளர் தரும் படிவம் 21உம், சாலைத் தகுதிச் சான்றும் தேவைப்படும். சேஸிஸ் ஒருவரும் உடற்கூடு இன்னொருவரும் செய்கிற வண்டிகளுக்குப் படிவம் 22ஏ என்று தனியாக ஒன்று உண்டு. அதன் இரண்டாம் பகுதியில் உடற்கூடு கட்டியவர் கையெழுத்திட வேண்டும். உங்கள் விஷயத்தில் அந்தக் கையெழுத்தை யார் போடுவது என்பதுதான், மோட்டார் வாகன ஆய்வாளரிடம் நீங்கள் கேட்க வேண்டிய முதல் கேள்வி. நீள அகல உயரம், மொத்த எடை, அச்சின் இடம், விளக்குகள் ஆகியவற்றைக் குறித்த ஒரு பக்க வரைபடத்தைக் கையோடு கொண்டுசென்று, பதிலை எழுத்தில் பெற்றுக்கொள்வது நல்லது. பழைய வேலூர் மாவட்டம் 2019இல் வேலூர், இராணிப்பேட்டை, திருப்பத்தூர் என மூன்றாகப் பிரிந்துவிட்டதால், உங்கள் முகவரி எந்த அலுவலகத்தின் எல்லைக்குள் வருகிறது என்பதையும் முன்கூட்டியே பார்த்துக்கொள்ளுங்கள்.

அதே வாரத்தில் காரின் கையேட்டையும் எடுத்துப் படியுங்கள். இழுக்கத்தக்க எடை எவ்வளவு என்று சில கார்களுக்குக் குறிப்பிட்டிருப்பார்கள். சிலவற்றில் டிரெய்லர் இழுக்கவே கூடாது என்று எழுதியிருக்கும். பின்னதாக இருந்தால் இந்த வேலையை அத்துடன் நிறுத்திவிடுவதே அறிவுடைமை. காப்பீட்டு நிறுவனத்திடமும் இதையே கேட்டு வைக்க வேண்டும்.

இரண்டாம் படி: எடையும், எடை உட்காரும் இடமும்

இந்த வேலையில் மிக முக்கியமான பகுதி இதுதான்; மரத்தைத் தொடுவதற்கு முன் காகிதத்திலேயே முடிக்க வேண்டியதும் இதுதான்.

மாட்டுவண்டியில் மூட்டை ஏற்றியவர்களுக்கு முன்பாரம், பின்பாரம் என்பதை விளக்க வேண்டியதில்லை. முன்பாரம் மிகுந்தால் நுகத்தடி மாட்டின் கழுத்தை அழுத்தும். பின்பாரம் மிகுந்தால் நுகத்தடி மேலே எழும்பி வண்டி குடைசாயும். காரின் பின்னால் உள்ள இணைப்புக் குண்டின் மீது டிரெய்லர் இறக்கும் பாரமும் இதே விதிக்குக் கட்டுப்பட்டதுதான். வண்டியின் மொத்த எடையில் 10 முதல் 15 விழுக்காடு வரை முன்பாரமாக இருக்க வேண்டும். அதற்கும் குறைந்தால், வேகம் கூடும்போது டிரெய்லரின் பின்பகுதி இடமும் வலமுமாக ஆடத் தொடங்கும்; அந்த ஆட்டம் ஒருமுறை பிடித்துக்கொண்டால் காரையும் சேர்த்து இழுத்துக்கொண்டு போகும். அதிகமானால் காரின் பின்பக்கம் அமுங்கி, முன்சக்கரங்களின் பிடி தளரும்.

கணக்கை ஓர் எடுத்துக்காட்டுடன் போட்டுப் பார்க்கலாம். உடற்கூடு 244 செ.மீ. நீளம், அதன் முன்விளிம்பு இணைப்புக் குண்டிலிருந்து 100 செ.மீ. தொலைவு, அச்சு குண்டிலிருந்து 240 செ.மீ. தொலைவு என்று கொள்வோம். 12 மி.மீ. பிளைவுட் பலகை ஒன்று ஏறத்தாழ 24 கிலோ இருக்கும். சேஸிஸின் சட்டம் 70 கிலோ, அச்சும் சக்கரமும் 70 கிலோ, தரை 24, இரு பக்கச் சுவர்கள் 40, கூரை 45, கதவு 12, பின்மூடி 18, சமையல் அலமாரி 25 என்று சேர்த்தால் காலி வண்டி 304 கிலோ. ஒவ்வொரு பொருளின் எடையையும், அதன் நடுப்பகுதி குண்டிலிருந்து எத்தனை செ.மீ. தள்ளி இருக்கிறது என்பதால் பெருக்கி, எல்லாவற்றையும் கூட்டி, மொத்த எடையால் வகுத்தால் எடை மையம் கிடைக்கும். மேற்சொன்ன வண்டிக்கு அது ஏறக்குறைய 229 செ.மீ. வருகிறது. எடை மையம் அச்சுக்கு எவ்வளவு முன்னால் இருக்கிறதோ அந்த 11 செ.மீ.யை 304ஆல் பெருக்கி 240ஆல் வகுத்தால், முன்பாரம் வெறும் 14 கிலோ. ஐந்து விழுக்காடுகூட இல்லை.

இப்போது சாமான்களை ஏற்றிப் பார்ப்போம். மெத்தை 12 கிலோ, கட்டிலின் முன்பாதியில் துணிப்பைகள் 25 கிலோ, பின்னால் அடுப்பும் பாத்திரமும் 19 கிலோ, குண்டுக்கும் உடற்கூட்டுக்கும் இடையிலுள்ள முன்சட்டத்தின் மீதுள்ள பெட்டியில் பேட்டரி, கருவிகள், 20 லிட்டர் தண்ணீர் கேன் என 40 கிலோ. மொத்தம் 400 கிலோ. எடை மையம் 213 செ.மீ.க்கு முன்னேறுகிறது, முன்பாரம் 45 கிலோவாக, அதாவது 11 விழுக்காடாக உயர்கிறது. இதே வண்டியில் அந்த ஒரே ஒரு தண்ணீர் கேனை மட்டும் எடுத்துப் பின்பக்கச் சமையல் மேடையின் கீழ் வைத்துப் பாருங்கள்: முன்பாரம் சுமார் 20 கிலோ குறைந்து 25 கிலோவுக்கு வந்துவிடுகிறது. தண்ணீர் கேனுக்கு இயல்பான இடம் சமையல் மேடைதான் என்று எவருக்கும் தோன்றும் என்பதால்தான் இதை இவ்வளவு விரிவாகச் சொல்கிறேன்.

அச்சைப் பத்து செ.மீ. பின்தள்ளி 250இல் வைத்தால் காலி வண்டியின் முன்பாரம் 22 கிலோவாகவும், சுமையேற்றிய வண்டியின் முன்பாரம் 57 கிலோவாகவும் மாறும். காரின் கையேடு இணைப்புக் குண்டுக்கு அனுமதிக்கும் பாரத்தைப் பார்த்து, இந்த இரண்டுக்கும் இடையில் ஓர் இடத்தை முடிவு செய்யுங்கள். சேஸிஸ் செய்பவரிடம் அச்சின் இடத்தைச் சொல்லும்போது இந்தக் கணக்குத் தாளையும் கொடுங்கள்.

வீட்டு இன்வெர்ட்டரில் இருக்கும் 150 ஏ.எச். (ஆம்பியர் மணி) டியூபுலர் பேட்டரியைத் தூக்கி இதில் வைத்துவிடலாம் என்ற எண்ணம் பலருக்கு வரும். அது ஒன்றே ஐம்பத்தைந்து, அறுபது கிலோ இருக்கும், வேண்டாம்.

மூன்றாம் படி: வளைவை முழு அளவில் வரைதல்

வடிவத்தைக் கணினியில் வரைந்தாலும், முழு அளவில் ஒருமுறை தரையிலோ பலகையிலோ வரைந்து பார்க்காமல் வெட்டக் கூடாது. மொட்டை மாடித் தளத்தில் 244க்கு 122 செ.மீ. செவ்வகம் ஒன்றைச் சாக்பீஸால் போட்டு, அதற்குள் முதலில் மனிதர்களை வரையுங்கள். படுக்க 190 செ.மீ. வேண்டும். மெத்தை மீது நிமிர்ந்து உட்காரும்போது தலை இடிக்காதிருக்க, மெத்தையின் தடிமனையும் சேர்த்துத் தரையிலிருந்து 100 முதல் 105 செ.மீ. வரை உயரம் வேண்டும். அந்த உயரம் வண்டி முழுவதும் தேவையில்லை, உட்காரும் இடத்தில் இருந்தால் போதும். கால்கள் சமையல் மேடையின் அடியில் நீளட்டும். இதனால் மேடைக்கு 50 செ.மீ. ஆழம் ஒதுக்கினாலும் படுக்கை குறுகாது.

பிறகு வளைவு. மின்கம்பி இழுக்கப் பயன்படும் மெல்லிய பி.வி.சி. குழாய் ஒன்றை எடுத்து, முன்கீழ் மூலையிலும், உச்சியிலும், பின்கீழ் மூலையிலும் செங்கற்களை அண்டக் கொடுத்து அதை வளையவிடுங்கள். குழாய் தானாக எடுத்துக்கொள்ளும் கோடு எங்கும் உடையாமல் ஓடும். கையால் வரைகிற கோட்டில் அந்த ஒழுங்கு எளிதில் வராது. எங்கேனும் குழாய் நெளிந்து மேடு தட்டினால், செங்கல்லை ஓர் அங்குலம் நகர்த்திவிட்டு, பத்தடி தள்ளி நின்று தரைமட்டத்தில் கண்ணை வைத்துப் பாருங்கள். கூரைக்கு வளைக்கப் போகிற 3 மி.மீ. பிளைவுட்டுக்கு, முன்முகத்தில் 45 செ.மீ.க்குக் குறைந்த ஆரம் வேண்டாம். அதைவிடக் கூர்மையான வளைவு தேவையென்றால் எளிதில் வளையும் ஃப்ளெக்சி பிளை என்று கேட்டு வாங்க வேண்டியிருக்கும்.

கதவை இடப்பக்கச் சுவரில் வையுங்கள். நம் சாலையில் ஓரம் இடப்பக்கம்தான். அமெரிக்க வரைபடத்தைப் பின்பற்றி வலப்பக்கம் மட்டும் கதவு வைத்தால், லாரி ஓடும் பக்கம் இறங்க நேரும். வலப்பக்கத்தில் ஆள் வெளியேறும் அளவுள்ள ஒரு சன்னல் இருக்கட்டும். கதவு ஏதோ காரணத்தால் திறக்காமல் போனால் அதுவே மாற்று வழி.

நான்காம் படி: சேஸிஸைப் பெற்றுச் சரிபார்த்தல்

சேஸிஸ் செய்பவரிடம் கேட்டுப் பெற வேண்டியவை சில உண்டு. சட்டம் 50க்கு 50க்கு 3 மி.மீ. ஸ்கொயர் பைப்பாக இருந்தால் மீட்டருக்குச் சுமார் 4.3 கிலோ வரும். இந்த அளவு வண்டிக்கு அது போதும், அதைவிடத் தடித்தது தேவையற்ற எடை. சக்கரங்கள் காரின் சக்கரத்தோடு ஒத்துப்போக வேண்டும், அதாவது போல்ட் துளைகளின் எண்ணிக்கையும் இடைவெளியும் ஒன்றாக இருக்க வேண்டும். அப்போது ஒரே ஸ்டெப்னி இரண்டுக்கும் உதவும். இணைப்பு 50 மி.மீ. குண்டுக்கானதாக இருக்கட்டும். இரண்டு பாதுகாப்புச் சங்கிலிகள் முன்சட்டத்தின் அடியில் ஒன்றையொன்று குறுக்காகக் கடந்து காரில் மாட்டப்பட வேண்டும். குண்டிலிருந்து கழன்றாலும் சட்டத்தின் முனை தரையில் குத்தாமல் அவை தாங்கிக்கொள்ளும்.

பாரத மிகுமின் நிறுவனத்தின் (பெல்) ஆலையும் சிப்காட் தொழிற்பேட்டையும் இருப்பதால் இராணிப்பேட்டைச் சுற்றுவட்டாரத்தில் நல்ல வெல்டர்களுக்குப் பஞ்சமில்லை. சேஸிஸை எடுத்துவரும் முன் அப்படிப்பட்ட ஒருவரை அழைத்துச் சென்று இணைப்புகளைப் பார்க்கச் சொல்லுங்கள். குறிப்பாக முன்சட்டம் உடற்கூட்டின் கீழ் நுழையும் இடத்தில்தான் வளைவு விசை மிகுதி. அங்கே பைப்பின் குறுக்கே ஒரு கோடாக வெல்டு ஓடியிருந்தால், விரிசல் விழுவதற்கும் அதுவே கோடாகிவிடும். மூலைவிட்டங்கள் இரண்டையும் டேப்பால் அளந்து, வித்தியாசம் 3 மி.மீ.க்கு மேல் இருந்தால் திருப்பிக் கொடுங்கள். ரெட் ஆக்சைடு அடித்து, அதன் மேல் இரண்டு பூச்சு எனாமல் அடித்த பிறகே மரவேலை.

ஐந்தாம் படி: தரையும் சுவர்களும்

தரைக்கும் சுவருக்கும் ஐ.எஸ். 710 முத்திரையுள்ள மரைன் பிளைவுட் வாங்குங்கள். விலை கூடுதல்தான், ஆனால் அதன் பசை 72 மணி நேரம் கொதிநீரில் தாக்குப்பிடிக்கும் சோதனையைக் கடந்தது. அலமாரிக்கும் உட்பலகைக்கும் அந்தத் தரம் தேவையில்லை.

தரைப் பலகையின் அடிப்பக்கத்துக்கும், குறிப்பாக அதன் நான்கு விளிம்புகளுக்கும் எபாக்ஸி பிசின் பூசி உலரவிடுங்கள். பிளைவுட்டில் தண்ணீர் முகப்பின் வழியாக நுழைவது குறைவு, வெட்டிய விளிம்பின் வழியாகவே பெரும்பாலும் உறிஞ்சப்படுகிறது. ஆகவே இந்த வண்டியில் நீங்கள் போடும் ஒவ்வொரு துளையும், வெட்டும் ஒவ்வொரு சன்னலும் எபாக்ஸி தொட்ட பிறகே மூடப்பட வேண்டும். சட்டத்துக்கும் தரைக்கும் இடையில் ரப்பர் பட்டை வைத்து, எம்10 போல்ட்டும், அதிர்வில் தளராத நைலாக் நட்டும் கொண்டு முடுக்குங்கள்.

சுவர்களில் முதலில் ஒன்றை மட்டும் ஜிக்சாவால் கோட்டுக்கு 2 மி.மீ. வெளியே வெட்டி, உப்புத்தாள் சுற்றிய கட்டையால் கோடு வரை தேய்த்து எடுங்கள். அதை இரண்டாவது பலகையின் மேல் கிளாம்பு போட்டு, விளிம்பு சீவும் கருவியான டிரிம்மரில் உருளை வைத்த பிட்டை மாட்டி ஓட்டினால், இரண்டும் அச்சுப் பிசகாமல் வரும். சுவர்கள் ஒன்றுக்கொன்று மாறுபட்டால் கூரை முறுக்கிக்கொள்ளும். பிறகு எந்தப் பசையாலும் அதை நேராக்க முடியாது. கதவுக்கும் சன்னலுக்கும் வெட்டும்போது மூலைகளை வட்டமாக விடுங்கள். செங்கோண மூலையில்தான் விரிசல் தொடங்கும்.

சுவர்களைத் தரையின் இரு ஓரங்களில் நிறுத்தி, மூலைமட்டமும் ரசமட்டமும் வைத்துப் பார்த்து, இடையே 25க்கு 40 மி.மீ. பைன் ரீப்பர்களை அடிக்கு ஒன்றாகக் குறுக்கே பொருத்துங்கள். கனமான நாட்டு மரங்களை இங்கே நுழைக்க வேண்டாம். கூரையில் ஏறும் ஒவ்வொரு கிலோவும் வளைவில் வண்டியைச் சாய்க்கும்.

ஆறாம் படி: கூரையும் வெப்பமும்

உள்ளே 3 மி.மீ. பிளைவுட், அதன் மேல் ரீப்பர்களுக்கு இடையே 25 மி.மீ. எக்ஸ்.பி.எஸ். நுரைப்பலகை அல்லது தெர்மாகோல், அதன் மேல் மீண்டும் 3 மி.மீ. பிளைவுட், வெளியே 0.8 மி.மீ. அலுமினியத் தகடு. இதுவே கூரையின் அடுக்கு.

நுரைப்பலகையை ஒட்டும் பசையில் ஓர் எச்சரிக்கை தேவைப்படுகிறது. ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டுப் பக்கம் செருப்புக்கும் தோல் வேலைக்கும் பயன்படுத்தும் ரப்பர் சொல்யூஷன் தெருவுக்குத் தெரு கிடைக்கிறது, பிடிப்பும் அபாரம். ஆனால் அதிலுள்ள கரைப்பான் தெர்மாகோலையும் எக்ஸ்.பி.எஸ்.ஸையும் கரைத்துக் குழியாக்கிவிடும். இங்கே தண்ணீரில் கரையும் வெள்ளைப் பசையே சரி. மெத்தை உறைக்கு ரெக்ஸின் தைக்கும்போது அந்தச் சொல்யூஷனைத் தாராளமாகப் பயன்படுத்திக்கொள்ளலாம்.

அலுமினியத் தகட்டைப் பிளைவுட்டின் மீது முழுப்பரப்பிலும் ஒட்டிவிடுவதை நான் ஏற்பதில்லை. காலை ஆறு மணிக்கும் மதியம் இரண்டு மணிக்கும் இடையில் தகட்டின் வெப்பநிலை 40 பாகை கூடினால், 2.4 மீட்டர் நீளத் தகடு இரண்டு மில்லிமீட்டருக்குச் சற்று அதிகமாக நீள்கிறது. அதற்கு இடம் விடாவிட்டால் கூரை கொப்புளிக்கும். தகட்டைச் சும்மா மேலே போர்த்தி, விளிம்புகளை அலுமினியக் கோணப்பட்டையின் அடியில், நீர் புகாத ஒட்டுப்பட்டையான பியூட்டைல் டேப்புடன் பிடிக்கவிட்டு, துளைகளைத் திருகைவிடச் சற்றுப் பெரிதாகப் போடுங்கள். திருகுகள் ஸ்டெயின்லெஸ் ஸ்டீலாக இருக்க வேண்டும். சிலிக்கானை வெளிப்பக்கம் எங்கும் பூச வேண்டாம். அதன் மேல் பெயின்ட்டும் பிடிக்காது, பிறகு வேறெந்த சீலன்டும் பிடிக்காது. பாலியூரித்தேன் சீலன்ட் போதும்.

கூரைக்கு வெள்ளை நிறம் அடியுங்கள். பளபளக்கும் கறுப்போ அடர்நீலமோ படத்தில் அழகாக இருக்கும். நம் ஊர்ச் சித்திரையில் அதற்குள் படுப்பவர் வேறு கருத்து சொல்வார். வெப்பத்தடுப்புப் பலகை பகலில் வெப்பம் நுழைவதைத் தாமதப்படுத்துமே தவிர, இரவில் இருவரின் உடல் வெப்பத்தையும் மூச்சையும் அது வெளியேற்றாது. ஆகவே காற்றோட்டம்தான் உண்மையான தீர்வு: இரு சுவர்களிலும் மெத்தைக்குச் சற்று மேலே கொசுவலையுடன் சன்னல்கள், கூரையின் உச்சியில் 12 வோல்ட் எக்ஸாஸ்ட் விசிறி பொருத்திய ஒரு திறப்பு. விசிறி சூடான காற்றை மேலே இழுக்க, கீழ்ச் சன்னல்கள் வழியாகப் புதுக்காற்று வரும். எல்லாவற்றையும் மூடினாலும் மூடாத ஒரு சிறு துவாரம் எப்போதும் இருக்க வேண்டும். ஏ.சி. வைக்கலாமா என்ற கேள்விக்கு என் பதில், வேண்டாம் என்பதே. அதற்கான பேட்டரியும் எடையும் இந்த வண்டியின் கணக்கையே கெடுத்துவிடும். கோடையில் ஏலகிரிக்கோ ஜவ்வாது மலைக்கோ மேலேறிப் போவது மலிவு.

ஏழாம் படி: பின்மூடியும் தண்ணீர்ச் சோதனையும்

பின்மூடி கூரையோடு சேரும் கீல்தான் மழை நுழைய மிகவும் வசதியான இடம். இதற்கென வெளிநாட்டில் விற்கும் தனிவகை அலுமினியக் கீல் இங்கே எளிதில் அகப்படாது. முழு அகலத்துக்கும் ஸ்டெயின்லெஸ் பியானோ கீல் போட்டு, அதன் மேல் பத்து செ.மீ. அகல ரப்பர் துண்டு ஒன்றைக் கூரைப்பக்கம் மட்டும் பட்டை வைத்துத் திருகி, மூடியின் பக்கம் சும்மா தொங்கவிட்டால் அதுவே போதுமான கூரைச்சரிவாகும். பக்க ஓரங்களுக்கு பஸ் கதவுகளுக்குப் போடும் குழல் பீடிங் பொருத்தம். கதவுக்கு மேலே கோணப்பட்டையால் ஒரு சிறு நீர்வழிச் சட்டமும் வைத்துவிடுங்கள்.

சோதனையை இருட்டிய பிறகு செய்யுங்கள். ஒருவர் டார்ச்சுடன் உள்ளே போய்ப் படுத்துக்கொள்ள, மற்றவர் ஹோஸ் பைப்பைக் கீழிருந்து தொடங்கி, ஓர் இணைப்புக்கு ஐந்து நிமிடம் வீதம் மேலே நகர்த்தட்டும். மேலிருந்து தொடங்கினால் எந்த இணைப்பு ஒழுகுகிறது என்று பிரித்தறிய முடியாது. சொட்டு விழுவதற்காகக் காத்திருக்காதீர்கள். டார்ச்சைப் பலகையோடு ஒட்டிச் சாய்வாகப் பிடித்தால், பின்மூடியின் கீழ் மூலையிலோ சன்னல் சட்டத்தின் அடியிலோ பிளைவுட் நூலிழை அளவுக்குக் கறுத்துத் தெரியும். அந்த இழைதான் கசிவு. குறித்துவைத்து, மறுநாள் காய்ந்த பின் அந்த இணைப்பைக் கழற்றி மறுபடி சீலன்ட் போடுங்கள். மேலோட்டமாகப் பூசி மறைப்பதில் பயனில்லை.

எட்டாம் படி: சமையலும் மின்சாரமும்

சமையல் வெளியே நின்று செய்வதற்கானது. படுக்கைப் பகுதிக்கும் சமையல் பகுதிக்கும் இடையே உள்ள தடுப்பில் ஒரு துளைகூட இருக்கக் கூடாது. சமையல் எரிவாயு காற்றைவிடக் கனமானது, கசிந்தால் தரையில் தேங்கும். ஐந்து கிலோ சிலிண்டர் நிற்கும் அறையின் தரையில், நேரே கீழே திறக்கும் ஒரு வலைபோட்ட துவாரம் கட்டாயம் வேண்டும். மழை பெய்தாலும், காற்று அடித்தாலும், அடுப்பைப் படுக்கைப் பகுதிக்குள் ஏற்றக் கூடாது. மூடிய இடத்தில் எரியும் அடுப்பிலிருந்து வரும் நச்சுவாயுவான கார்பன் மோனாக்சைடுக்கு மணம் கிடையாது.

மின்தேவையைக் கூட்டிப் பார்த்தால் பலருக்கு வியப்பாக இருக்கும். 15 வாட் விசிறி ஒன்பது மணி நேரம், 10 வாட் விளக்குகள் நான்கு மணி நேரம், இரண்டு கைபேசிகளுக்குச் சுமார் 30 வாட் மணி என்றால் ஓர் இரவுக்கு ஏறத்தாழ 205 வாட் மணி, அதாவது 12 வோல்ட்டில் 17 ஏ.எச். 50 ஏ.எச். லித்தியம் பேட்டரி இரண்டு இரவுகளைத் தாராளமாகத் தாங்கும். பேட்டரியின் பாசிட்டிவ் முனையிலிருந்து ஒரு சாண் தூரத்துக்குள் ஃபியூஸ் இருக்க வேண்டும்.

பின்விளக்குகளுக்கான ஏழு முனை சாக்கெட்டில் வழக்கமான வரிசை இது: முதல் முனை மஞ்சள், இடது இண்டிகேட்டர், இரண்டாவது நீலம், மூடுபனி விளக்கு, மூன்றாவது வெள்ளை, எர்த், நான்காவது பச்சை, வலது இண்டிகேட்டர், ஐந்தாவது பழுப்பு, வலது பின்விளக்கு, ஆறாவது சிவப்பு, பிரேக், ஏழாவது கறுப்பு, இடது பின்விளக்கு. புதிய கார்களில் விளக்குகளைக் கணினி கண்காணிப்பதால், ஒயரை நேரடியாகச் சீவி முறுக்காமல் டிரெய்லருக்கான ரிலே மாட்யூல் வழியாக இணைப்பதே பாதுகாப்பு.

ஒன்பதாம் படி: சாலை ஓட்டம்

பதிவும் காப்பீடும் கைக்கு வந்த பிறகு, சமதரையில் வண்டியை நிறுத்தி, குளியலறைத் தராசு ஒன்றின் மேல் கட்டை வைத்து, இணைப்புக் குண்டின் உயரத்துக்கே முன்சட்டத்தை இறக்கி முன்பாரத்தை நேரடியாக அளந்துவிடுங்கள். காகிதக் கணக்குக்கும் இதற்கும் சில கிலோ வித்தியாசம் இருப்பது இயல்பு. பத்து விழுக்காட்டுக்குக் கீழே போனால் சாமான்களை முன்னே நகர்த்துங்கள்.

முதல் ஓட்டம் ஆள் நடமாட்டமில்லாத காலி மைதானத்தில், பின்னோக்கி ஓட்டப் பழகுவதற்காக மட்டும் இருக்கட்டும். ஸ்டியரிங்கின் அடிப்பகுதியைப் பிடித்துக்கொண்டு, டிரெய்லரின் பின்பக்கம் எந்தப் பக்கம் போக வேண்டுமோ அந்தப் பக்கம் கையை நகர்த்தினால் குழப்பம் வராது. வண்டி மடங்கத் தொடங்கினால் முன்னே இழுத்து நேராக்கிவிட்டு மறுபடி முயலுங்கள். அடுத்து சென்னை பெங்களூரு நெடுஞ்சாலையில் போக்குவரத்து குறைந்த அதிகாலையில், வேகத்தைச் சிறிது சிறிதாகக் கூட்டிப் பாருங்கள். டிரெய்லர் ஆடத் தொடங்கினால் ஆக்சிலேட்டரிலிருந்து காலை மெதுவாக எடுத்து, ஸ்டியரிங்கை நேராகப் பிடித்துக்கொண்டு வேகம் தானாகக் குறையவிட வேண்டும். திடீர் பிரேக்கும், எதிர்ப்பக்கம் வெட்டித் திருப்புவதும் ஆட்டத்தைப் பெருக்கும். ஐம்பது கிலோமீட்டர் ஓடியதும் நிறுத்தி, சக்கர நட்டுகளை மறுபடி முடுக்கி, இரு பக்கச் சக்கரங்களின் நடுவிலுள்ள ஹப்புகளையும் கையால் தொட்டுப் பாருங்கள். ஒன்று மட்டும் கை வைக்க முடியாதபடி சுட்டால் அதன் பேரிங்கைக் கழற்றிப் பார்க்காமல் மேலே போகக் கூடாது.

பதினான்கு கொண்டை ஊசி வளைவுகள் கொண்ட ஏலகிரிச் சாலை இதற்கெல்லாம் பிறகுதான். டிரெய்லரின் சக்கரங்கள் காரின் சக்கரங்களைவிட வளைவின் உட்புறமாகவே ஓடும் என்பதால், வளைவை அகலமாக எடுத்துத் திரும்ப வேண்டும்; இறங்கும்போது ஏறிய கியரிலேயே இறங்க வேண்டும். தனி பிரேக் இல்லாத டிரெய்லரின் 400 கிலோவும் காரின் பிரேக்கின் மீதுதான் விழுகிறது. ஜவ்வாது மலையில் பெரும்பகுதி காப்புக்காடு. சாலையோரம் இடமிருக்கிறது என்பதற்காக அங்கே நிறுத்தித் தங்க முடியாது, வனத்துறையின் அனுமதி இருந்தாலொழிய தனியார் தங்குமிட வளாகங்களுக்குள் நிறுத்திக்கொள்வதே முறை. காவலூர் வானாய்வகம் இருக்கும் பக்கம் போகிறவர்கள் வெளிவிளக்கைக் கீழ்நோக்கி மறைப்பிட்டு வையுங்கள். வண்டியைக் கட்டும்போதே சமையல் மேடை விளக்குக்கு இரண்டு அங்குல மறைப்புத் தகடு வைத்துவிட்டால் தனியாக ஒன்றும் செய்ய வேண்டியிருக்காது.